வேலை இழந்த நாய்



“நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை” என்பது நம்மவர் நாவிற் பயின்று வரும் பழமொழி. பயனின்றி அலைபவரைக் கேலி செய்ய எழுந்த இச்சொற்களுள், அவற்றை முதலிற் சொன்னவர் கருதியிராத ஒரு சரித்திர உண்மையும் பொதிந்து கிடக்கின்றது. நாய்க்கு ஒரு காலத்தில் வேலை இருந்தது. பின்னர் அது பறிபோயிற்று. வேலை போன பின்பும், அவ்வேலைக்கென்றே அமைந்த மூக்கும் கால்களும் மனமும் போகவில்லை. அதனாலேதான் வளவுக்குள் அடைபட்ட நாய் ஓரிடத்தில் நில்லாது வேலியோரமாக நடந்துகொண்டே இருக்கின்றது.

மேலைநாடுகளில் இன்று பலர் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நாய்க்கெனச் சில விளையாட்டுகளைத் தம் கையாலேயே அமைத்துக் கொடுக்கின்றனர். மணல் நிரப்பிய ஒரு குழி, பழைய கடதாசிகள் திணித்த ஒரு பெட்டி, புல்லின்மேல் தூவிய ஒரு பிடி உணவு, சுருட்டி முடிச்சிட்ட ஒரு துவாய் ஆகியனவே அவ்விளையாட்டுக்குரிய கருவிகள். இதனைக் கேட்பவர், செல்வம் மிகுந்தோர் செல்லப்பிராணிக்குச் செய்யும் வீண் உபசாரம் என்று எண்ணக்கூடும். ஆயினும் இச்சிறு விளையாட்டுகளின் பின்னே நீண்டதொரு வரலாறு நிற்கின்றது. ஓர் உயிரை அளவுக்கு மீறி வேலை வாங்குவது கொடுமை என்பதை மனிதன் 19ஆம் நூற்றாண்டிற் சட்டமாக்கினான். அவ்வுயிரை எவ்வித வேலையுமின்றி அடைத்து வைப்பதும் கொடுமையே என்பதை அவன் உணர்வதற்கு மேலும் 100 ஆண்டுகள் சென்றன. அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

நாய் மனிதனை அண்டி வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. ஜேர்மனியில் ஒபர்காசல் என்னும் இடத்தில் 1914இல் அத்துணைப் பழைமை வாய்ந்த ஒரு சவக்குழி கண்டெடுக்கப்பட்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதையுண்டு கிடந்த இடத்திலேயே ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் கிடந்தன. பயிர்த்தொழில் தோன்றுவதற்கு முன்னரே நாய் மனிதனுக்குக் கூட்டாளி ஆகிவிட்டது என்பது இதனாற் புலனாகும். வேட்டையில் அது மோப்பம் பிடித்தது. பிற்காலத்தில் மந்தையை மேய்த்தது. இரவிற் காவல் இருந்தது. நம் சங்கப் பாடல்களில் ஞமலி என்ற பெயரோடு வேட்டுவர் பக்கத்திற் காணப்படுவதும் இந்த உழைப்பாளியே. தேடுதல், துரத்துதல், தோண்டுதல், கடித்தல், விழித்திருத்தல் ஆகிய செயல்களே அதன் தொழில்; உணவே அதன் கூலி. உழைப்பும் உணவும் அதன் வாழ்வில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

அந்த உழைப்பு எல்லை மீறிப் போனதற்கு இங்கிலாந்தின் பழைய அடுக்களைகள் சாட்சி பகரும். ஜோன் கீஸ் என்னும் மருத்துவ அறிஞர் பிரித்தானிய நாய்களைப் பற்றி 1570இல் இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். 1576இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றுவதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய்களைப் பற்றி அந்நூல் பேசுகின்றது. அடுப்பருகே சுவரில் உயரமாக ஒரு மரச்சில்லு பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே நாயை ஏற்றிவிடுவர். நாய் ஓட ஓடச் சில்லு சுழலும். சில்லோடு இணைத்த கயிறோ சங்கிலியோ இறைச்சி கோத்த கம்பியைச் சுழற்றும். பெரிய இறைச்சித் துண்டு வேகுவதற்குப் பல மணி நேரம் செல்லும். அத்தனை நேரமும் அனல் வீசும் அறையில் அந்த நாய் ஓடுதல் வேண்டும். குட்டைக் கால்களும் நீண்ட உடலும் கொண்ட அந்த இனம், பொறிகள் அவ்வேலையை ஏற்றதும் தேவையற்றதாகி, 19ஆம் நூற்றாண்டோடு மறைந்தொழிந்தது. வேல்ஸ் நாட்டின் அபர்கவனி நூதனசாலையில் அவ்வினத்து நாயொன்றின் பாடம் செய்யப்பட்ட உடல், விஸ்கி என்னும் பெயரோடு இன்றும் காட்சிக்கு இருக்கின்றது.

இச்சில்லைப் பற்றி நாம் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அது நாயின் கால்களுக்கு வேலை கொடுத்தது. மூக்குக்கும் மனத்துக்கும் கொடுக்கவில்லை. எவ்வளவு ஓடினாலும் நாய் சென்றடையும் இடம் ஒன்றுமில்லை; தேடிக் கண்டுபிடிக்கும் பொருளும் ஒன்றுமில்லை. உடல் களைப்பதும் மனம் நிறைவதும் ஒன்றல்ல என்ற இவ்வேறுபாடு பின்னால் நமக்குப் பயன்படும்.

வண்டியிழுத்தலும் அக்காலத்தில் நாய்களின் தொழிலாக இருந்தது. இலண்டன் தெருக்களில் இறைச்சிக்காரரும் ரொட்டிக்காரரும் சிறு வணிகரும் நாய் பூட்டிய வண்டிகளை ஓட்டினர். 1839ஆம் ஆண்டின் மாநகரப் பொலிஸ் சட்டம் இலண்டனிலும் சுற்றுப்புறத்திலும் அவ்வண்டிகளைத் தடை செய்தது. 1854இல் இயற்றப்பட்ட சட்டம் அத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அதற்கு முன்னரே, 1835ஆம் ஆண்டுச் சட்டத்தினால், காளையின்மேல் நாய்களை ஏவிவிடும் கொடிய விளையாட்டும் ஒழிக்கப்பட்டிருந்தது. இவை கருணையினாற் பிறந்த சட்டங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் விடுதலை பெற்ற நாய் இனி என் செய்வது என்பதை அச்சட்டங்கள் கூறவில்லை. நாய் வரியையும் தீனிச் செலவையும் தாங்கமாட்டாத ஏழைகள் பலர், வண்டியிழுத்த தம் நாய்களைக் கைவிட்டனர் என்றும் கொன்றனர் என்றும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர்.

அதே காலத்தில் நாயின் வாழ்வு வேறொரு திசையிலும் திரும்பியது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி ஒன்று நடந்தது. 1873இல் இலண்டனில் கெனல் கிளப் என்னும் நாய்க் கழகம் தோன்றியது. நாய் என்ன செய்யும் என்று கேட்டவர், நாய் எவ்வாறு தோன்றும் என்று கேட்கலாயினர். 1860ஆம் ஆண்டுகளில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் இலண்டனில் நாய்க்கெனத் தனி விசுக்கோத்துச் செய்து விற்கத் தொடங்கினார். ஆலையிற் செய்த உணவு பையில் வந்தது. பையிலிருந்து கிண்ணத்தில் விழுந்தது. 14,000 ஆண்டுகளாகத் தேடியும் ஓடியும் பெற்ற உணவு, இப்பொழுது மூன்று நிமிடத்தில் உண்டு முடியும் காரியமாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது, தெருவில் தன்னிச்சையாகத் திரிவதும் நாய்க்கு ஆபத்தாயிற்று. வேலியும் சங்கிலியும் தோல்வாரும் வந்தன. நாய் பாதுகாப்பாக இருந்தது, வயிறு நிறைந்திருந்தது, செய்வதற்கு மட்டும் ஒன்றுமில்லை.

இதன் விளைவுகளை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். நாய் பூம்பாத்தியைத் தோண்டுகின்றது, செருப்பைக் கடிக்கின்றது, காற்றில் ஓர் இலை அசைந்தாலும் குரைக்கின்றது, தன் வாலைத் தானே துரத்திச் சுழல்கின்றது. இவற்றை நாம் குற்றங்கள் என்கின்றோம். அடிக்கின்றோம், கட்டி வைக்கின்றோம், சிலவேளை தொலைவிற் கொண்டுபோய் விட்டும் வருகின்றோம். ஆனால் வளையைத் தோண்டி எலியைப் பிடிக்கும் நாய்களை வேண்டுமென்றே பல தலைமுறையாகப் பெருக்கியவன் மனிதன். காவல் காக்கக் குரைக்கும் நாயையே தேர்ந்து வளர்த்தவனும் மனிதன். நாம் கற்பித்த தொழிலை, நாம் வேலை கொடுக்காத இடத்தில், அது தானாகவே செய்கின்றது. அவ்வளவே அதன் குற்றம்.

வேலையின்மை மனத்தையே குன்றச் செய்யும் என்பதை விஞ்ஞான முறையில் முதலில் ஆராய்ந்த இடங்களுள் ஒன்று, கனடா நாட்டு மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகம். அங்கே டொனால்ட் ஹெப் என்னும் உளவியல் அறிஞர், தம் வீட்டிற் செல்லமாக வளர்ந்த எலிகள், கூண்டில் வளர்ந்த எலிகளைவிட வழியறியும் சோதனைகளில் மேம்பட்டு நின்றதைக் கண்டு, 1949இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவரைப் பின்பற்றித் தொம்சன், ஹெரோன் என்னும் இருவர் ஸ்கொட்டிஷ் ரெறியர் நாய்களை வைத்து ஆராய்ந்து 1954இல் முடிவுகளை வெளியிட்டனர். குட்டிப் பருவம் முதல் கூண்டுக்குள் அடைபட்டு வளர்ந்த நாய்கள், வழி கண்டுபிடிக்கும் சோதனைகளில், வீடுகளிற் செல்லமாகவும் ஆய்வுகூடத்தில் தடையின்றியும் வளர்ந்த நாய்களைவிடப் பின்தங்கின. 1957இல் றொனால்ட் மெல்சாக், ஸ்கொட் என்போர் வெளியிட்ட ஆய்வு இன்னும் துயரமானது. அடைபட்டு வளர்ந்த நாய்கள், எரியும் தீக்குச்சியின் சுடரில் மூக்கை வைத்துச் சுட்டுக்கொண்ட பின்பும், மீண்டும் மீண்டும் அங்கேயே மூக்கை நீட்டின. ஆபத்தை ஆபத்தென அறியும் அறிவும் அனுபவத்தாலேயே வளர்கின்றது என்பது அதனாற் தெரிந்தது.

1967இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. மின்னதிர்ச்சியைத் தம் செயலால் நிறுத்த முடியாத நிலையில் வைக்கப்பட்ட நாய்களிற் பல, பின்னர் தப்பும் வழி திறந்திருந்தபோதும் முயலாது கிடந்தன. தாமே அதனை நிறுத்தக்கூடியனவாக இருந்த நாய்களோ தப்பக் கற்றுக்கொண்டன. தன் செயலால் ஏதேனும் நிகழும் என்ற நம்பிக்கை போனால் நாயின் முயற்சியும் போய்விடுகின்றது. இவ்வாய்வுகள் இன்று நம் மனச்சாட்சியை உறுத்துவன. நாய்களின் துன்பத்தினால் நாய்களைப் பற்றி நாம் கற்ற பாடம் இது என்பதை மறத்தலாகாது. கற்ற பின்னும் அதனைப் பயன்படுத்தாமல் இருப்பது அதனிலும் பெரிய தவறாகும்.

மருந்து எங்கிருந்து வந்தது? மிருகக் காட்சிச்சாலைகளிலிருந்தும் எலிக் கூண்டுகளிலிருந்தும் வந்தது. அடைபட்ட குரங்கினங்களுக்கு விளையாடவும் உழைக்கவும் ஏற்ற கருவிகளை அமைத்துக் கொடுத்தல் வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் றொபேட் யேர்க்ஸ் 1925இலேயே எழுதினார். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஹைனி ஹெடிகர், அடைபட்ட விலங்குகளின் வாழ்வை ஆராய்ந்து 1942இல் ஒரு நூல் வெளியிட்டார். செய்வதற்கு ஒரு தொழில் இன்மையே அவ்விலங்குகளின் பெருங்குறை என்பது அவர் வற்புறுத்திய கருத்து. 1963இல் கிளென் ஜென்சன் என்பவர், பக்கத்திலே உணவு இலவசமாகக் கிடந்தபோதும் எலிகள் நெம்புகோலை அழுத்தி உணவு பெற முனைந்ததைக் காட்டினார். 1970ஆம் ஆண்டுகளில் ஹல் மார்க்கோவிட்ஸ், அமெரிக்காவின் போட்லாந்து மிருகக் காட்சிச்சாலையில், கிப்பன் குரங்குகள் தம் முயற்சியால் உணவு பெறும் பொறிகளை அமைத்தார்.

சட்டமும் மெல்ல அசைந்தது. அமெரிக்க விலங்கு நலச் சட்டம் 1985இல் திருத்தப்பட்டபோது, ஆய்வுகூடங்களில் உள்ள குரங்கினங்களின் மனநலத்தைப் பேணுதல் வேண்டும் என்று விதித்தது. நாய்களுக்கோ உடற்பயிற்சி அளித்தால் போதும் என்றது. குரங்குக்கு மனம் உண்டு, நாய்க்குக் கால்கள் மட்டுமே உண்டு என்பது போன்ற இந்தப் பாகுபாடு, இறைச்சி வாட்டிய பழைய சில்லையே நமக்கு நினைவூட்டுகின்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்த 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் ஒருபடி மேலே சென்றது. உணவும் இருப்பிடமும் போலவே, தன் இயல்புக்கேற்ற செயல்களைச் செய்யும் வாய்ப்பும் வளர்ப்புப் பிராணியின் தேவைகளுள் ஒன்று என அது ஏற்றுக்கொண்டது.

ஆனால் இவ்வறிவு வீட்டு வளவுக்குள் நுழைந்தது சட்டத்தின் வழியாக மட்டுமன்று. வீட்டுக்காரரின் கைவேலை வழியாகவும் நுழைந்தது. அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரிடம் பிரிட்ஸ் என்னும் நாய் ஒன்று இருந்தது. அது கற்களைக் கடித்துக் கடித்துத் தன் பற்களைத் தேய்த்துக்கொண்டது. 1970ஆம் ஆண்டுகளில் ஒரு நாள், அவர் தம் வொக்ஸ்வாகன் வண்டியைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கழற்றிப் போட்ட இறப்பர்ப் பாகம் ஒன்றை அந்நாய் கவ்விக்கொண்டு விடாது விளையாடியது. அதன் வடிவைப் பின்பற்றி அவர் செய்ததே, இன்று உலகெங்கும் கொங் என்னும் பெயரில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள். அதன் நடுப்பொந்தில் உணவை அடைத்துக் கொடுத்தால், அதனை நக்கியும் உருட்டியும் எடுப்பதில் நாய் நெடுநேரம் ஈடுபடும். அதற்கு முதல் மாதிரி, வண்டிப் பட்டறையில் விழுந்து கிடந்த ஒரு துண்டே என்பதை நினைவிற் கொள்வோம்.

பின்னர் மோப்பத் தொழிலே விளையாட்டாக மாறியது. மறைத்த வெடிபொருளையும் போதைப்பொருளையும் கண்டுபிடிக்கும் நாய்களைப் பழக்குவோர், அத்தேடலை ஒரு விளையாட்டாகவே கற்பிப்பர். கண்டுபிடித்த நாய்க்கு ஒரு பந்தோ துவாய்ச் சுருளோ பரிசாகும். அத்தகைய பயிற்சியில் அனுபவம் பெற்றோர் 2006ஆம் ஆண்டளவிற் கலிபோர்னியாவில், சாதாரண வீட்டு நாய்களும் பெட்டிகளுக்குள் மறைத்த உணவையும் வாசனையையும் தேடும் விளையாட்டை ஆரம்பித்தனர். நாய்க்கு இது பொருந்துவதற்குக் காரணம் அதன் மூக்கு. மனிதனின் மூக்கில் வாசனை உணரும் கலங்கள் ஏறக்குறைய 50 அல்லது 60 இலட்சம் என்றும், நாயின் மூக்கில் அவை இனத்துக்கேற்ப 10 கோடி முதல் 30 கோடி வரை என்றும் கணக்கிட்டுள்ளனர். 2019இல் சார்லட் டியூராண்டன், அலெக்சாண்ட்றா ஹொறோவிட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், இரு வாரங்கள் மோப்ப விளையாட்டில் ஈடுபட்ட நாய்கள், உணவு இருக்குமோ இராதோ என்று ஐயத்துக்கிடமான ஒரு கிண்ணத்தை முன்னிலும் விரைவாக அணுகின. எசமானின் காலோடு ஒட்டி நடக்கப் பழக்கப்பட்ட நாய்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. தானாகத் தேடும் சுதந்திரம் நாயின் உள்ளத்தில் நம்பிக்கையை வளர்க்கின்றது என்று அவர்கள் கருதினர்.

நம் வளவுகளில் இதனைச் செய்வதற்குக் கடையிற் பொருள் வாங்க வேண்டியதில்லை. நிழல் விழும் ஒரு மூலையில் மணலைக் குவித்து, அதனுள் சில உணவுத் துண்டுகளைப் புதைத்து, முதலிரு நாள் நாய் காணவே புதைத்துக் காட்டினால், பூம்பாத்தியைத் தோண்டும் நாய் மெல்ல மெல்ல அம்மணலைத் தன் நிலமாகக் கொள்ளும். மேலைநாட்டார் சிறு கேக்குகள் சுடும் குழித்தட்டில் உணவை வைத்து ஒவ்வொரு குழியையும் பந்தால் மூடுவர். நம் வீட்டுப் பழைய பணியாரத் தட்டும் அதற்குப் போதும். மட்டைப் பெட்டிகள் நாலைந்தைப் பரப்பி, ஒன்றினுள் மட்டும் உணவை ஒளித்து வைக்கலாம். நாளுணவில் ஒரு பகுதியைக் கிண்ணத்தில் இடாது சுத்தமான புற்றரையில் தூவிவிடலாம். பழந்துணியில் உணவை வைத்துச் சுருட்டி, தளர்வாக முடிச்சிட்டுக் கொடுக்கலாம்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். பெட்டியிலுள்ள கம்பி ஊசிகளையும் ஒட்டும் நாடாவையும் அகற்றிய பின்னரே கொடுத்தல் வேண்டும். விழுங்கக்கூடிய சிறு பந்துகளும், நார் நாராகப் பிரிந்து குடலிற் சிக்கும் கயிறுகளும் ஆகா. வெங்காயம், திராட்சை, சொக்கிலேற்று என்பன நாய்க்கு நஞ்சு. நம் நாட்டு வெயிலிற் காலையும் மாலையுமே இதற்குரிய வேளைகள். பக்கத்திலே தண்ணீர் இருத்தல் அவசியம். இரண்டு நாய்கள் இருப்பின் உணவுக்காகச் சண்டை மூளாதவாறு பிரித்து விடுதல் வேண்டும். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வீட்டு நாய்கள் தேடி உண்ணவும் முன்வந்தன, ஆயினும் இலவச உணவைவிட அதனை விரும்பித் தெரிவு செய்யவில்லை என்று காட்டியது. ஆதலால் பசித்த நாயை வருத்தி விளையாடச் செய்தல் முறையன்று. தொடக்கம் எளிதாக இருத்தல் வேண்டும். நாய் விலகினால் அதனை வற்புறுத்தலாகாது. இவ்விளையாட்டு உலாவுதலுக்கோ மனிதரின் தோழமைக்கோ ஈடாகாது என்பதையும் மறத்தல் கூடாது.

நேயர்களே, சில்லில் ஓடிய நாயைப் பார்த்து ஒரு தலைமுறை இரங்கியது. பின்னர் அந்தச் சில்லு நூதனசாலைக்குப் போயிற்று. சங்கிலியிற் கட்டுண்டு, வேளைக்குச் சோறு பெற்று, பகல் முழுவதும் வாசலையே பார்த்துக் கிடக்கும் நாயைப் பார்த்து இரங்குவது அவ்வளவு எளிதன்று. அதன் உடலிற் காயமில்லை; வயிற்றிற் பசியில்லை. எனினும் வேலையின்மையும் ஒரு துன்பமே என்பதைக் கடந்த 70 ஆண்டுகால ஆராய்ச்சி நமக்குக் காட்டியிருக்கின்றது. அத்துன்பத்தை நீக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு குவியல் மணலும், ஒரு வெறும் பெட்டியும், நாளுக்குக் கால் மணி நேரமும் போதும். இன்று மாலை உங்கள் நாயின் சோற்றைக் கிண்ணத்தில் இடுமுன், அதில் ஒரு பிடியை எங்கேனும் ஒளித்து வைத்துப் பாருங்கள். மூக்கைத் தரையில் வைத்து, வாலை உயர்த்தி, அது தேடத் தொடங்கும்போது, தன் பழைய தொழிலை மீண்டும் பெற்ற ஓர் உழைப்பாளியை நீங்கள் காண்பீர்கள்.